கழித்த முட்டைகள்

பிஸ்கட் டப்பாவுக்குள் பல்பை எரியவிட்டு, மூடியில் போட்ட ஓட்டையில் முட்டையைப் பொருத்திப் பார்ப்போம். அடைவைத்த ஐந்தாம் நாள் உள்ளே சிவப்பு நரம்புகள் ஓடும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். அதைப் பார்த்ததும் அட்டெண்டர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். எழுபதுகளின் கடைசியில் தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் விலங்கியல் ஆசிரியர். வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து வயிற்றுப் பிள்ளையின் மூளையை என்ன செய்கிறது என்பது என் ஆராய்ச்சி.

முதலில் எலிகளில்தான் செய்தேன். சினை எலிக்கு மருந்தைக் கொடுத்து, பிறந்த குட்டியை மல்லாத்திப் போட்டு, அது புரண்டு எழ எத்தனை நொடி ஆகிறது என்று குறிப்பேன். பிறகு தலையை வெட்டி மூளையை எடுக்க வேண்டும். பிடித்துக்கொடுப்பது அக்காவின் வேலை. இரண்டு முறை கரு தங்காமல் போனவர் அவர். "தாயும் குட்டியுமா கெடக்கையில இப்பிடிச் செய்யலாமா சார்?" என்று ஒருநாள் அழுதேவிட்டார். துறைத் தலைவரிடம் சண்டை போட்டு, எலியை விட்டுக் கோழி முட்டைக்கு மாறினேன். ஓட்டில் துளையிட்டு, ஒரு சொட்டு மருந்தை ஏற்றி, மெழுகால் அடைத்துவிட்டால் போதும். கருவுக்கு வலி தெரியும் முன்பே சோதனையை முடித்துவிடலாம். ஊரிலேயே இரக்கமுள்ள ஆள் நான்தான் என்று அப்போது எனக்கு நினைப்பு.

கடையத்திலிருந்து வரும் முட்டைகளில் சில கருக்கட்டாதவை. மருந்தை ஏற்றி அடைவைத்த பிறகு, ஐந்தாம் நாள் பல்பு வெளிச்சத்தில்தான் அது தெரியவரும். அவற்றைக் கழித்து, புதைக்கச் சொல்லி அக்காவிடம் கொடுப்பேன். "தொடப் பயமா இருக்கு சார்" என்றார் ஒருமுறை. "ஒரு சொட்டுதானக்கா, பெரிய ஆளுகள ஒண்ணும் செய்யாது" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தது எனக்குத் தெரியாது. கண்பட்டுவிடும் என்று ஐந்து மாதம்வரை யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. பேறுகாலத்துக்குப் போனவர் வேலைக்குத் திரும்பவும் இல்லை. எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

ஆறேழு வருஷம் கழித்து, சாரல் நாளில், மனைவியோடு ஐந்தருவிக்குப் போயிருந்தேன். படிக்கட்டில் அக்கா. இடுப்பில் பெரிய பெண்பிள்ளை. தலை நிற்கவில்லை, வாயில் எச்சில் வழிந்தது.

"பேச்சும் இல்ல, நடையும் இல்ல சார். மூலிகைத் தண்ணிங்காவ, அதான் வருசா வருசம் இங்கன கொண்டாந்து தலையக் காட்டுதேன். எல்லாம் எலியக் கொன்ன பாவம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களச் சொல்லல சார். மாசமா இருக்கவ முட்டை திங்கணும்பாவ, வீட்டுல ஏது? நீங்க கழிச்ச முட்டையத்தான் மெழுகச் சுரண்டிட்டு அவிச்சுத் தின்னேன். அந்தத் தெம்புலதான் இவளாவது தங்குனா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம். வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்தது அது. இன்று முட்டையும் வேண்டாமாம், கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலேயே பார்த்துவிடுகிறார்கள். நல்லதுதான். உண்மையைச் சொன்னால் அக்கா தாங்கமாட்டார் என்று எனக்கு நானே பல வருஷம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பசப்பு. மனைவி பக்கத்தில் நின்றாள், எனக்கு என் பெயர் பெரிதாக இருந்தது.

"எலிப் பாவந்தானே சார்?" என்று மறுபடி கேட்டார்.

"ஆமாக்கா, அதுதான்" என்றேன்.