புகார் எண் இல்லாத குழாய்கள்

தொண்ணூறுகளின் பிற்பாதியில், மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை ஒன்பது பள்ளிகள் நடத்திய ஓர் அறக்கட்டளையின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எந்தப் பள்ளியில் எது ரிப்பேரானாலும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதற்கு ஒரு புகார் எண் போட்டு, வேலை முடிந்ததும் முடிந்தது என்று குறிக்க ஒரு புரோகிராம் வாங்கி வைத்திருந்தார்கள். வாங்கி ஒரு வருஷமாகியும் யாரும் அதைத் தொடவில்லை. அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கோ ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் வெறி பிடித்துவிடும். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட ஸ்லிப் இருந்தால்தான் ஏற்றுவேன் என்று சட்டம் போட்டேன்.

கம்ப்யூட்டர் அறையில் மட்டும்தான் ஏ.சி. செருப்பை வெளியே கழற்ற வேண்டும், ஈரக் கால் படக்கூடாது. கார்பெட் நனைந்தால் மிஷின் கெட்டுவிடும் என்று நாங்கள் மனதார நம்பினோம். எலக்ட்ரீஷியன் கத்தை ஸ்லிப்போடு வந்து, குளுகுளுவென்று உட்கார்ந்து, பல்பு மாற்றியதைக்கூட விடாமல் ஏற்றச் சொல்லிவிட்டுப் போவார். பிளம்பர் பாய்க்கு எப்போதும் முழங்கால் வரை ஈரம். வாசலிலேயே நின்று, "மைலாப்பூர் ஸ்கூல்ல டேங்கு சரி பண்ட்டேம்மா, அடையார்ல ரெண்டு குழா மாத்திட்டேன்" என்று கத்துவார்.

"ஸ்லிப் எங்கே பாய்? அது இல்லாம ஏத்த மாட்டேன்."

"கேட்டாண்டையே ஆயா புடிச்சுக்கிச்சும்மா. தண்ணி ஊத்திக்கினு கீது, ஸ்லிப்பு எழுதிக்கினா இருப்பாங்க?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். எனக்கென்ன வந்தது என்று கதவைச் சாத்திக்கொள்வேன்.

மூன்று மாதம் கழித்து அறிக்கை எடுத்தேன். பிரிண்டரில் அழகாக வந்தது. பெருமை தாங்காமல் தாளாளரிடம் நீட்டினேன். அவர் பொறுமையாகப் படித்தார்.

"பிளம்பருக்கு மூணு மாசத்துல நாலே வேலைதானா? அப்புறம் எதுக்குத் தனியா ஒரு ஆள்? அடுத்த மாசத்தோட நிறுத்திடலாம். தேவைப்பட்டா வெளியிலேர்ந்து கூப்பிட்டுக்கலாம்."

பதினைந்து வருஷமாக அங்கே இருக்கிற மனுஷன். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, கையில் ஒரு நோட்டோடு ஒன்பது பள்ளிக்கும் அலைந்தேன். ஆயாக்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். "நேத்துகூட வந்து கக்கூஸ் அடைப்பு எடுத்துக் குட்த்தாரு. அதெல்லாமா எழுதுவாங்க?" என்றார் ஓர் ஆயா. நோட்டு நிரம்பிவிட்டது.

அதைத் தாளாளர் முன்னால் வைத்து, "தப்பு அவர் மேல இல்ல சார். நான்தான் அவரை உள்ளயே விடல" என்றேன். ஒரே அவமானம். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். ஆனா இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்தாகணும்."

அப்பாடா என்று பாயைத் தேடி ஓடினேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். வழக்கம்போல் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். "என்னை நிறுத்தப் பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த விஷயமே அவருக்கு அதுவரை தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை மந்தைவெளிப் பள்ளியிலிருந்து ஆயா போன் செய்தார். "பாத்ரூம்ல பைப்பு உடைஞ்சு தண்ணி கொட்டுதும்மா. கிளாசுக்குள்ளல்லாம் வந்துட்ச்சு. பாய் இங்கதான் கீறாரு, தொட மாட்டேன்றாரு."

பாய் ரிசீவரை வாங்கினார். பின்னால் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

"நம்பர் குடும்மா," என்றார். "அப்பாலதான் கை வெப்பேன்."