மாஸ்டரின் ரோஜா நேராகத்தான் போகும்

"மெதுவா... மெதுவா. இப்ப கொஞ்சம் நிமிரு. ஆங், அப்படியே நில்லு."

கார் கொட்டகையின் சுவரில் சாய்த்த ஏணிமேல் நின்றுகொண்டு மாஸ்டர் ரோஜாக்கொடிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கையில் ஒரு துண்டு சணல் கயிறு, பல்லிடுக்கில் இன்னொரு துண்டு. புதிதாகக் கிளம்பிய தண்டு ஒன்று பக்கவாட்டில் எட்டிப் பார்த்திருக்கிறது. அதைப் பிடித்து நிமிர்த்தி, மேலே இருக்கும் ஆணியோடு சேர்த்து இறுக்குகிறார். "லேன் மாறக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கேட்கும்போது விரலில் முள் ஏறுகிறது. உடனே அவருடைய வலது கால் ஏணிப் படியை ஓங்கி ஒரு மிதி மிதிக்கிறது.

அந்தக் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், தனக்கென்று தனி பிரேக் வைத்த வண்டியில், பாதி ஆயுளைக் கழித்தவர். வண்டியைவிட்டு இறங்கினாலும் கால் இறங்குவதில்லை. பஸ்ஸில் போனால் மிதிக்கும். மனைவி சூடான பாத்திரத்தைத் தூக்கினால் மிதிக்கும். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் படுத்தபடி அவர் மிதித்த மிதியில் டாக்டர்தான் பதறிப்போனார். வீட்டில் மாஸ்டர் உட்காரும் நாற்காலிக்கு முன்னால் கிடக்கும் கால்மிதி ஒரே இடத்தில் மட்டும் நைந்துபோயிருக்கிறது.

அவரிடம் வண்டி படிக்க வருகிறவர்கள் சாலையைப் பார்ப்பதைவிட அந்தக் காலைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். யாராவது நெரிசலான கடைவீதியில் பதறாமல் வண்டியைக் கொண்டுபோய்விட்டால் மாஸ்டர் வாய் திறந்து பாராட்ட மாட்டார். வலது காலை மெல்லத் தூக்கி, மடித்து, இருக்கைமேல் வைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பிப்பார். "மாஸ்டர் காலை மடிச்சுட்டார்" என்றால் லைசென்ஸ் கைக்கு வந்த மாதிரி. சிலருக்கு அந்தப் பாக்கியம் கடைசிவரை கிடைக்காது. அவர் மனைவிக்கும் கிடைக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஆசையாகக் கற்றுக்கொள்ளப் போன அந்த அம்மாள், இரண்டாம் நாளே நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீங்களே ஓட்டிக்கிட்டு வாங்க" என்று வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஓட்டியதெல்லாம் தையல் மிஷின்தான்.

ரோஜாவின் கதையே அந்த மிஷினில்தான் ஆரம்பிக்கிறது. மாஸ்டரம்மா பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று நாள் முழுக்கத் தைப்பவர். மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. முன்பெல்லாம் அந்த ஜன்னலில் தெரு தெரியும். யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்பதெல்லாம் தலை நிமிராமலே அவருக்குத் தெரிந்துவிடும். மாஸ்டர் ஒருநாள், வண்டியில் எவனோ கீறிவிட்டான் என்று கொட்டகை கட்டினார். சரியாக அந்த ஜன்னலுக்கு எதிரில் கட்டினார். தெரு போய், சாம்பல் நிறச் சுவர் வந்தது. மாஸ்டரம்மா சண்டை போடவில்லை. சாப்பாடு போடும்போது மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அது சண்டையைவிட மோசம் என்பது மாஸ்டருக்குத் தெரியும்.

"இந்தச் சுவரே தெரியாத மாதிரி ரோஜா ஏத்திடறேன். நீ தலையைத் தூக்கினா பூதான் தெரியணும்" என்று வாக்குக் கொடுத்து, இளஞ்சிவப்புப் பூப்பூக்கும் கொடி ரோஜாவை அவர் வாங்கி வந்தது அப்போதுதான்.

வளர்ப்பில் குறை சொல்ல முடியாது. எலும்புத் தூள் போட்டார், மட்கிய இலை போட்டார், அசுவினிப் பூச்சி ஒட்டியபோது சோப்புத் தண்ணீரால் ஒவ்வொரு தளிராகக் குளிப்பாட்டினார். கொடியும் நன்றி மறக்காமல் கிடுகிடுவென்று வளர்ந்தது. ஆனால் மாஸ்டர் அதை வளைய விட்டால்தானே? ஒவ்வொரு தண்டும் பட்டாளத்துக்காரன் மாதிரி விறைப்பாக நின்றது. கொடி ரோஜாவை நேராக நிறுத்தினால் அது சத்தையெல்லாம் உச்சிக்கு ஏற்றி அங்கே மட்டும்தான் பூக்கும். அப்படியே பூத்தது. கொட்டகைக் கூரைக்கு மேலே கொத்துக் கொத்தாக, கண் கொள்ளாமல். ஜன்னல் உயரத்தில் மிஞ்சியதெல்லாம் முள்ளும், மொட்டைத் தண்டும், மாஸ்டர் போட்ட முடிச்சுகளும்.

அந்தப் பூக்களை அனுபவித்தது பக்கத்து வீட்டு மாடியில் இருக்கும் டீச்சர். பெருந்தன்மையான மனுஷி. தினமும் படம் எடுத்து மாஸ்டரம்மாவின் போனுக்கு அனுப்பிவைப்பார். அம்மாளும் அதைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"பாருங்க, நம்ம வீட்டுப் பூ. போன்ல பார்க்கணும்னு என் தலையெழுத்து."

"அடுத்த சீசன்ல கீழேயும் வரும். இப்பதானே மேலே ஏறியிருக்கு."

"போன சீசன்லயும் இதையேதான் சொன்னீங்க. எனக்குக் கண்ணு மங்குது. நூல் கோர்க்கவே வெளிச்சம் பத்தலை. பெயிண்டர்கிட்ட சொல்லிட்டேன். செடியை வேரோட எடுத்துட்டு வெள்ளை அடிச்சா, வெளிச்சமாவது பட்டுத் திரும்பி உள்ளே வரும்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. மாஸ்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை. கண்ணும் கருத்துமாக வளர்த்த கொடி போகப்போகிறது என்பது ஒரு வலி. மனைவி கேட்ட ஒரே ஒரு விஷயத்தைக் கூடச் செய்து தர முடியவில்லையே என்பது அதைவிடப் பெரிய வலி. இரண்டையும் வெளியே சொல்லாமல் ஏணியை எடுத்துக்கொண்டு போய் முடிச்சுகளை இன்னும் இறுக்கினார். இறுக்கிய வேகத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

படுக்கையில் கிடந்த நேரம் பார்த்து ஒரு மாலை பலத்த காற்று அடித்து, தண்டு ஒன்று அறுத்துக்கொண்டு சரிந்தது. "நேரா நிமிர்த்திக் கட்டும்மா. நேரா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "கட்டிட்டேன்" என்று பதில் வந்தது. எப்படி என்று அம்மாள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

எழுந்து நடமாடிய அன்று பார்த்தார். தண்டு ஜன்னல் உயரத்தில் சுவரோடு சுவராகக் குறுக்கே படுத்திருந்தது. சணல் இல்லை. சீருடைத் துணியின் நீலக் கிழிசலால், தண்டு வலிக்காத மாதிரி தளர்வாகக் கட்டியிருந்தது.

"என்ன இது, ரோட்டுக்குக் குறுக்கால நிக்குது?"

"என் ஜன்னல்ல என்ன லாரியா வரப்போகுது? எனக்கு எட்டின உயரத்துல கட்டினேன். ஏணியில ஏறி இடுப்பைப் பிடிச்சுக்க நான் என்ன மாஸ்டரா?"

அவிழ்க்கக் கை போயிற்று. "விடுங்க, எப்படியும் வெட்டத்தானே போறோம்" என்றார் அம்மாள். மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சில வாரங்களில் அந்தத் தண்டு மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தது. கணுவுக்குக் கணு ஒரு தளிர் மேல்நோக்கி எழுந்தது. ஒவ்வொரு தளிரின் நுனியிலும் ஒரு மொக்கு. மாஸ்டர் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பல் தேய்க்கும் சாக்கில் போய்ப் பார்த்தார், டயரில் காற்று பார்க்கும் சாக்கில் போய்ப் பார்த்தார். இதற்கிடையில் பெயிண்டருக்குப் போன் செய்து, "சுவர்ல ஈரம் இருக்கு, கொஞ்ச நாள் போகட்டும்" என்று ஒரு பொய்யும் சொன்னார். மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது. பெயிண்டர் அதை அம்மாளிடம் சொல்லிவிட்டார். அம்மாள் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

மொக்குகள் எல்லாம் விரிந்தன. ஜன்னலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இளஞ்சிவப்பு. மாஸ்டரம்மா மிஷினை நிறுத்திவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். தைக்கக் கொடுத்த துணி மடியிலேயே கிடந்தது. அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். வாசலிலிருந்து அதைப் பார்த்த மாஸ்டர் டயரில் காற்று பார்க்கப் போய்விட்டார்.

பூக்கள் உதிர்ந்து முடிந்ததும் மாஸ்டரே போன் செய்து பெயிண்டரை வரச் சொன்னார். வெட்டத்தான் போகிறார் என்று அம்மாளின் முகம் வாடிவிட்டது. ஆனால் மாஸ்டர் ஏணியில் ஏறி, தான் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தானே அறுத்தார். கொடி முழுவதையும் தரையில் சாக்கு விரித்துக் கிடத்தினார். பெயிண்டர் வெள்ளை அடித்துவிட்டுப் போனார். அறைக்குள் புது வெளிச்சம் வந்தது.

சுவர் காய்ந்த பிறகு, மாஸ்டர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கத்தைக் கிழிசலை மனைவியிடம் நீட்டினார்.

"நீயே ஓட்டு."

அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். இளந்தண்டுகள் சொன்னபடி கேட்டன. கடைசியாக எல்லாவற்றிலும் மூத்த தண்டு, விரல் தடிமன், ஒடிந்தால் பாதிக் கொடி போச்சு. அதைக் கையில் எடுத்ததுமே மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்தது.

"மெதுவா..."

"துணியும் நேரா இழுத்தா நெகிழ்ந்து கொடுக்காதுங்க. குறுக்கே இழுத்தா கொடுக்கும். பேசாம இருங்க."

தண்டு வளைந்தது. லேசாக நெரியும் சத்தம் கேட்டது. அம்மாள் நிறுத்தினார், மூச்சை விட்டார், இன்னும் கொஞ்சம் வளைத்தார்.

மாஸ்டர் வலது காலை மெல்லத் தூக்கி, மடித்து, வாளியின்மேல் வைத்துக்கொண்டு, கொட்டகைக்கு அப்பால் தெருவை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.