ஒரு டீ தானே என்றேன்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கூலி வேலையில் தொடங்கி, சொந்தமாக மூன்று ஜேசிபி வாங்கியவன். யார் பேச்சையும் கேட்டுப் பழக்கமில்லை.

மகள் கல்யாணம் நெருங்கிய சமயம், அடிக்கடி வயிறு வலித்தது. வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேனுக்குப் போன அன்று, செங்கல்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் நின்றேன்.

"இன்னாய்யா நீ, வெறும் வயித்தோட வரச் சொல்லிகீறாங்களே!" என்றாள் மனைவி.

"டீ இன்னா சோறா? சும்மா கெட."

ஸ்கேன் செய்த டாக்டரம்மா, "ஏதாவது சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டார். இல்லவே இல்லை என்று சாதித்தேன்.

"பித்தப்பை சுருங்கியிருக்கு, ஏதாவது உள்ள போனாதான் இப்படி ஆகும். சரியா தெரியல. நாளைக்கு ஒண்ணும் சாப்பிடாம வாங்க" என்றார்.

நான் போகவில்லை. ஸ்கேனில் ஒன்றுமே இல்லையென்று ஊரெல்லாம் சொன்னேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வலியில் சுருண்டு விழுந்தேன். பித்தப்பையில் கல், சீழ் பிடித்துவிட்டது என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். கேளம்பாக்கம் மண்டபத்தில் என் தம்பிதான் தாரை வார்த்துக் கொடுத்தான். ஊரையே அழைத்துப் பந்தி போட்ட நான், மகள் கழுத்தில் தாலி ஏறியதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி செல்போனில் பார்த்தேன்.

போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். வெறும் வயிறா என்று நர்ஸ் கேட்டார்.

"இல்லம்மா, பழக்கத்துல ஒரு டீ குடிச்சிட்டேன். நாளைக்கு வரேன்" என்று சொல்லித் திரும்பினேன். மறுநாள் போனேன்.