டெங்கு என்று சொல்லிவிட்டோம்

காலை ஏழு நாற்பது. கயிற்று மணி அடித்தது.

யாங்கோன் மாடிவீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்கும். கீழ் முனையில் ஒரு கிளிப், மேல் முனையில் ஒரு மணி. பேப்பர், கறிவேப்பிலை, கரண்ட் பில் எல்லாம் அதில்தான் மேலே வரும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்கு மாடி யார் ஏறுவது?

அன்று மணி அடித்தவர் ஃபெர்ரி டிரைவர். இங்கே பள்ளிக்கூட வேனுக்கு ஃபெர்ரி என்று பெயர். தண்ணீரில் போகாது — மழைக்காலம் நீங்கலாக.

என் மகளுக்குப் பத்து வயது. வீட்டில் கவிதா. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பர்மியப் பெயர் உண்டு. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான். வெள்ளைச் சட்டை, பச்சைப் பாவாடை, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து. எல்லாம் தயார். ஒரு காலில் செருப்பை மாட்டினாள். மற்றதை மாட்டவில்லை. அப்படியே நின்றாள்.

"என்னம்மா?"

"வயிறு வலிக்குது."

மறுநாளும் மணி அடித்தது. வாந்தி எடுத்தாள். அதற்கடுத்த நாள் கையைத் தொட்டால் ஐஸ். மூச்சு வாங்கியது. "பயமா இருக்கு" என்றாள்.

என் கணவர் துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங்கில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறார். எதையும் விசாரித்து முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"யாராவது அடிச்சாங்களா?"

"இல்லப்பா."

"சயாமா திட்டினாங்களா?" சயாமா என்றால் இங்கே டீச்சர்.

"இல்ல."

"பின்னே என்னாத்துக்குப் பயம்?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றாள் அவள்.

நியாயமான பதில். பெரியவர்கள் நாம் மட்டும் எல்லாப் பயத்துக்கும் காரணம் வைத்துக்கொண்டா பயப்படுகிறோம்?

டாக்டரிடம் போனோம். அவளைப் படியிறக்கிக் கூட்டிப்போனதே தனிக் கதை. டாக்டர் அம்மா நிதானமாகப் பேசினார். இது பாசாங்கு இல்லை, பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பழக்குங்கள் என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் மாடிப்படிதான் பள்ளிக்கூடம். எங்கள் நான்காம் மாடியிலிருந்து ஒரு நாள் மூன்றாம் மாடி வரை இறங்குவாள். தெருச்சத்தம் கேட்டதும் திரும்பி ஓடி வந்துவிடுவாள். மறுநாள் மூன்றாம் மாடியே பெரும் தூரமாகிவிடும்.

இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னோமா?

சொல்லவில்லை. வகுப்பு சயாமா போன் செய்தபோது என் கணவர் "காய்ச்சல்" என்றார். அடுத்த போனில் சயாமா "என்ன காய்ச்சல், இவ்வளவு நாளாக?" என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"டெங்கு" என்றார்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே மழையும் கொசுவும் வந்துவிடும் ஊர் இது. இங்கே டெங்குவுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கேட்டவர் "ஐயோ" என்பார், பப்பாளி இலைச்சாறு கொண்டுவருவார். பயத்துக்கு என்ன கொண்டுவருவார்? நம் பாஷையில் பயந்தாங்கொள்ளி என்று ஒரு வசவு இருக்கிறது. அவ்வளவுதான். நான் வேறு இந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் டியூஷன் எடுக்கிறவள்... என் பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

நாங்கள் மறந்தது ஒன்றுதான். காய்ச்சல் வீட்டோடு போகும். டெங்கு என்று சொன்னால் தெருவே எழுந்து நிற்கும்.

பள்ளிக்கூடம் சுகாதாரக்காரர்களுக்குச் சொல்ல, அவர்கள் புகை மெஷினோடு வந்துவிட்டார்கள். கட்டடம் முழுக்கப் புகை. தண்ணீர் வராத நாளுக்கென்று வீட்டுக்கு வீடு நிரப்பி வைத்திருந்த ட்ரம்களைக் கவிழ்த்துக் கழுவினார்கள். கீழ்வீட்டு டோ கின் நல்ல மனுஷி, விதவை, பர்மியக்காரி. படியில் நின்று கத்தினார்: "என் தண்ணி! ரெண்டு நாளா சொட்டுச் சொட்டா பிடிச்ச தண்ணி!"

கடைசியில் நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நோயாளி எங்கே?"

நோயாளி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுரைக்காய் பஜ்ஜியைப் புளிச்சாற்றில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்த நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போதும் அது முதுகில் இருக்கிறது.

சில நாளில் மறுபடி கயிற்று மணி. கவிதா பாத்ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கயிற்றை இழுத்தேன். கிளிப்பில் வார்டு ஆபீஸ் கவர். பெற்றோர் இருவரும் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும், பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கு வர வேண்டும். பிள்ளையின் பர்மியப் பெயர் போட்டிருந்ததால், இது யாருக்கோ வந்தது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். ஒரு கணம்தான்.

வார்டு நிர்வாகி ஊ டின் எங்கள் தெருக்காரர்தான். தெருவுக்கே அவர் ஊலே, அதாவது மாமா. அறுபது வயதிருக்கும். நாங்கள் போன மாலை வெளியே கொட்டுகிற மழை, ஆபீஸுக்குள் கரண்ட் இல்லை. விசிறிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்க. சொந்தப் பிள்ளைய மட்டும் வீட்ல பூட்டி வைக்கிறீங்களே சயாமா?"

"பூட்டல ஊலே. அவதான் வெளிய வர பயப்படுறா."

"பத்து வயசு. மாட்டேன்னா விட்டுடுவீங்களா? என் பேரன் தினம்தான் மாட்டேங்கறான். தூக்கி ஃபெர்ரில போட்டா போறான்."

"இது அந்த மாதிரி இல்ல..."

"டெங்குன்னு சொன்னீங்களே, அது எந்த மாதிரி? அந்தப் புகைல நானே மூணு நாள் இருமினேன்."

அவர் இருமியது உண்மை.

பிறகு குரலைத் தணித்து விஷயத்தைச் சொன்னார். ஆரம்பப் பள்ளிப் படிப்பு கட்டாயம். பிள்ளையை நிறுத்தி வைப்பது பெற்றோர் குற்றம். இல்லாத நோயைச் சொன்னது இன்னொரு குற்றம். பள்ளிக்கூடம் எழுத்தில் கொடுத்துவிட்டது. ஃபைலை டவுன்ஷிப்புக்கு அனுப்பினால் அங்கிருந்து கோர்ட். இது போதாதென்று, ராணுவ ஆட்சி நடக்கும் இந்த வருஷங்களில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் அதற்கு அரசு எதிர்ப்பு என்று வேறு அர்த்தமும் கற்பிப்பார்கள். அதை அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"இதுல கையெழுத்துப் போடுங்க. இங்கயே முடிச்சுடறேன்."

ஒப்புதல் பத்திரம். வரும் திங்கட்கிழமை முதல் பிள்ளை தவறாமல் பள்ளிக்கு வருவாள். தவறினால் விசாரணை கிடையாது, நேரே வழக்கு.

"டாக்டர் பயம்னு எழுதிக் கொடுத்திருக்காங்க ஊலே. கொஞ்சம் டயம் வேணும்னு சொல்றாங்க."

"பயம் யாருக்கு இல்ல சயாமா? பயத்துக்கெல்லாம் லீவு கொடுத்தா இந்த ஊர்ல எந்த ஆபீஸ் திறக்கும்?"

அதுவும் உண்மைதான்.

என் கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேனாவை என் பக்கம் தள்ளித் தமிழில் முணுமுணுத்தார்.

"போட்டுடு. திங்கட்கிழமை வரட்டும், பாத்துக்கலாம்."

"திங்கட்கிழமை அவளால முடியாதுங்க."

"அது எனக்குத் தெரியாதா? இப்ப வேற என்னா வழி?"

வழி இல்லை. போட்டால் திங்கட்கிழமை அவளைத் தூக்கித்தான் ஃபெர்ரியில் போட வேண்டும். மாடிப்படியில் சேர்த்ததெல்லாம் ஒரே காலையில் போய்விடும். போடாவிட்டால் கோர்ட். பேனாவைக் கையில் எடுத்தேன். டெங்கு என்று சொன்னது வாய். இது கையெழுத்து. பொய்யில் அடுத்த வகுப்புக்குப் போகிறோம் என்று தோன்றியது.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஃபைல் இன்னமும் ஊ டின் மேஜையில்தான் இருக்கிறது. மேலே போகவில்லை, மூடவும் இல்லை. ராத்திரித் தூக்கத்துக்கு அது போதவில்லை, பகலைத் தள்ளப் போதும். அதனால் அந்த மாலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பேனா காகிதத்தைத் தொட்டபோது வாசலில் குடை மடக்கும் சத்தம். டோ கின். கவிதாவையும் அந்த ஆபீஸ் கவரையும் அவரிடம்தான் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

"அவளே வரணும்னா. நான் குடைதான் பிடிச்சேன்" என்றார், தன் மேல் யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்பதுபோல.

அவர் லுங்கியைப் பிடித்தபடி என் மகள் நின்றாள். பாதி நனைந்திருந்தாள். நான் அவள் காலைத்தான் பார்த்தேன். இரண்டிலும் செருப்பு.

ஊ டின்னைப் பார்த்துப் பர்மியத்தில் சொன்னாள்: "எனக்கு டெங்கு இல்ல ஊலே. பயம்தான்."

பிறகு என்னிடம், தமிழில்:

"அம்மா, கையெழுத்துப் போடாத. திங்கட்கிழமை என்னால முடியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."