கைராசியும் களைமருந்தும்

என் மனைவிக்குக் கைராசி என்று ஊரே சொல்லும். காணைக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் யார் மிளகாய் விதைத்தாலும் முதல் பிடி அவள்தான் தூவ வேண்டும். எங்கள் கொல்லை நாற்றுக்கும் அப்படி ஒரு கிராக்கி. ஓமந்தூரில் வாழ்க்கைப்பட்ட அவள் அக்காகூட, திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பஸ் மாறி, ஈரக்கோணியோடு வந்து வாங்கிப் போவாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். கரும்பு போட்ட என்னை ஒருவரும் கைராசிக்காரன் என்று சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. கரும்பில் கொடி ஏறிப் பின்னிக் கிடந்தது. புதிதாக வந்திருந்த களைமருந்தை வாங்கி நானே அடித்தேன். ஒரு வாரத்தில் கொடியெல்லாம் முறுக்கிக்கொண்டு கருகியது. பெரிய சாதனை செய்தவனைப் போல வரப்பில் நடந்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் காய்ந்த துரும்பைக்கூட வீணாக்க மாட்டோம். கொடிகளை வாரி வந்து மாட்டுக்கொட்டகையில் ஈரத்தை உறிஞ்சட்டும் என்று பரப்பினேன். சாணியில் ஊறியதும் எருக்குழியில் தள்ளினேன். மக்குகிறதெல்லாம் எரு என்பதுதான் எனக்குத் தெரிந்த விவசாயம்.

ஆவணியில் அவள் அந்த எருவைச் சலித்து நாற்றங்காலில் போட்டாள். நாற்று இரண்டாம் இலையிலேயே சுருண்டது.

"எரு பத்தலை. இன்னும் ரெண்டு கூடை போடு" என்றேன்.

போட்டாள். இன்னும் சுருண்டது. தேறியதைப் பிடுங்கிக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். நாற்றோடு அதே கொல்லை எருவும் ஒரு கூடை போனால்தான் வேர் பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதையும் தவறாமல் கொடுத்தோம். ஐப்பசிக்குள் எல்லார் வயலிலும் செடி கோணிக்கொண்டு நின்றது.

"அவ கை முன்ன மாதிரி இல்லடி" என்று பம்புசெட்டில் ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்தவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒரு செடியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, விழுப்புரத்தில் மருந்து வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரர் இலையை விரித்துப் பார்த்தார்.

"நோவு இல்லைங்க இது. களைமருந்து பட்டா இப்படித்தான் சுருட்டிக்கினு போவும். அடிச்ச களையை எருவுல கிருவுல போட்டீங்களா?"

அன்று சாயங்காலமே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேப்பை புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னைத் தேத்தறதுக்கு இன்னா இன்னாத்தையோ சொல்லிக்கினு இருக்கீங்க. மாடு மிதிச்சு மக்கின எரு எங்கனா செடியைக் கொல்லுமா?"

தெருவிலும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பெண்டாட்டியை விட்டுக்கொடுக்காத மனுஷன் என்று எனக்குத்தான் நல்ல பெயர் வந்தது. வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த எருக்குழியை மண் போட்டுத் தூர்த்தேன். அடுத்த ஆவணியில் புது எரு போட்டுப் பாத்தி கட்டியதும், அவள் போய் எதிர்வீட்டுக்காரியைக் கூட்டி வந்தாள். முதல் பிடியை அவளைத் தூவச் சொல்லிவிட்டு, கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

அந்த வருஷம் நாற்று அருமையாக வந்தது.

"பாத்தீங்களா" என்றாள். "நான் கை வெக்கலை."