காத்தாடி காருக்கு வைத்த சந்தனம்

காய்ந்த சந்தனமும் மோட்டார் எண்ணெயும் கலந்தால் ஒரு வாசனை வரும். கோயில் வாசனையென்றும் சொல்ல முடியாது, பட்டறை வாசனையென்றும் சொல்ல முடியாது. எட்டு வயதில் என் உள்ளங்கையில் முகர்ந்த அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அரிமளத்தில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவருக்கு அப்பா கார் ஓட்டினார். அப்போதே அது பழைய கார்; கறுப்புச் சாயம் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. ஆனால் முன்சீட்டுக்குப் பின்னால், கூரையில், கையகலத்துக்கு ஒரு மின்விசிறி தொங்கும். பக்கத்து ஊர்களில் எந்தக் காரிலும் அது கிடையாதாகையால் ஊரே அதைக் "காத்தாடி காரு" என்றது. அதை ஓட்டுகிறவர் மகள் என்று எனக்கு இருந்த மிதப்பு முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட இருந்திருக்காது. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் அந்த விசிறிக்கு ஒரு கம்பி பேட்டரியிலிருந்து வருகிறது, இன்னொரு கம்பி காரின் இரும்பு உடம்பிலேயே திருகப்பட்டு முடிகிறது, அந்த முடிவுக்கு "எர்த்து" என்று பெயர் என்பதெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே எனக்குத் தெரியும்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு அப்பா விசிறியைக் கழற்றி, இறக்கை துடைத்து, எண்ணெய் விட்டு, ஸ்பானர், குறடோடு சேர்த்து வாழையிலையில் வைத்தார். பொட்டு வைப்பது என் வேலை. எதை விட்டாலும் அது கோபித்துக்கொள்ளும் என்று நம்பிய வயது. எர்த்துக் கம்பியின் நுனியிலிருந்த செப்பு வளையத்தையும் விட மனமில்லாமல், இரண்டு பக்கமும் சந்தனத்தை அப்பிவிட்டேன்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு எட்டாம் மாதத்திலேயே ஆண்பிள்ளை பிறந்திருந்தது. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதுவும் ஒரு பிடிக்குள் அடங்குகிற பிள்ளை. புழுக்கமும் ஆகாது, குலுக்கலும் ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் முதலாளி காரைக் கொடுத்தார். அப்பா மறுநாள் விடியற்காலை அவசரத்தில் கூரையோரம் கையால் தடவிப் பார்த்தே விசிறியைத் திருகினார், அதுவும் சுற்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆத்தா மடியில் பிள்ளை, பக்கத்தில் சாய்ந்தபடி அக்கா, முன்னால் நான்.

"புரட்டாசியில பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்" என்பார்கள். அன்றைக்குக் காய்ந்தது மட்டும்தான். ஜன்னலைத் திறந்தால் செம்மண் புழுதி, மூடினால் அடுப்பு. பாதி வழியில் ஒரு பள்ளத்தில் கார் இறங்கி ஏறியதும் விசிறி நின்றுபோனது. கொஞ்ச நேரம் சிணுங்கிய பிள்ளை பிறகு அழவும் இல்லை.

ஒரு புளியமரத்தடியில் அப்பா காரை நிறுத்தினார். ஹாரனை அமுக்கினார், அடித்தது. "பேட்டரியில உசிரு இருக்கு" என்றார். பியூஸை மாற்றினார், சுவிட்சைப் பிரித்து மாட்டினார்; விசிறி அசையவில்லை.

"ஊருக்கெல்லாம் காத்துக் குடுத்த காரு, நம்ம புள்ளைன்னதும் மூச்சடைச்சுப் போச்சாக்கும்" என்றாள் ஆத்தா, முந்தானையால் விசிறிக்கொண்டே.

அக்கா கண்ணைத் திறக்காமல், "ஆத்தா, மூச்சு விடுறானான்னு பாரு" என்றாள்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு வளையம் நினைவுக்கு வந்தது. அடி வாங்கினாலும் தப்பை ஒத்துக்கொள்ளாதவள் என்று வீட்டில் எனக்குப் பெயர்.

"அப்பா, எர்த்துக்கு நான் சந்தனம் வச்சேன்."

"எங்கிட்டு?"

"வளையத்துக்கு. ரெண்டு பக்கமும்."

அப்பா திருகாணியைக் கழற்றினார், செம்புக்கும் இரும்புக்கும் நடுவே சந்தனம் காய்ந்து காந்தல் மாதிரி ஒட்டியிருந்தது. "சாமிக்கு வச்சது, கீழ சிந்தாம புடி தாயி" என்று என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, பேனாக்கத்தியால் சுரண்டி அதில் உதிர்த்தார். பிறகு தீப்பெட்டியின் உரசும் பக்கத்தை வளையத்தில் வைத்துத் தேய்தேயென்று தேய்த்தார். புளிபோட்டு விளக்கிய குடம்போல செம்பு மின்னியதும் மறுபடி முறுக்கினார்.

விசிறி ஒரு முறை முனகிவிட்டுச் சுற்றியது. பிள்ளைமேல் கிடந்த துணி லேசாக எழும்பியது. நாங்கள் நால்வரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது, பிள்ளை முகத்தைச் சுளித்து வீரிட்டது. "அழுவுடா, நல்லா அழுவு" என்று ஆத்தாவும் அழுதாள்.

அப்பா கூஜாவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை என் உள்ளங்கையில் விட்டு, அந்தத் தூளைக் குழைத்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்தார். என்னைப் பார்த்து, "எடந்தான் தப்பு, வேற ஒண்ணுமில்ல" என்றார். அந்தக் காரியத்துக்கு எனக்குக் கிடைத்த ஏச்சு மொத்தமும் அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை இப்போது பேரன் எடுத்து விராலிமலையில் இருக்கிறான். அவன் காரில் கதவைச் சாத்தினால் மார்கழி. போன கோடையில் ஏசி நின்றபோது, பட்டறையில் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு, ஒயரைக் கொத்தோடு மாற்றித் தந்தார்கள். எந்த இடத்தில் விட்டுப்போயிருந்தது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. காத்தாடி கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. தீப்பெட்டியை அடுப்புக்கே யாரும் தேடுவதில்லை, கம்பிக்கு யார் தேடப்போகிறார்கள்?

ஆயுத பூசைக்கு மட்டும் அவன் என்னைக் கூப்பிட்டுக்கொள்வான். "சின்னம்மா, வெளிக் கண்ணாடிக்கு மட்டும் வைங்க, உள்ள வேணாம்" என்பான், சிரித்துக்கொண்டே. அப்படியே செய்கிறேன். விரலில் மிஞ்சியதோடு திரும்பினால், வழுக்கை ஏறிய அந்த நெற்றியைக் குனிந்து காட்டியபடி நிற்பான்.