கடைசி இருபது நிமிடம்

மூஸா பதினான்கு வருடம் எங்கள் அணியின் மேனேஜராக இருந்தார். அந்தப் பதினான்கு வருடத்தில் நாங்கள் ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. இரண்டு தடவை அரையிறுதி வரை போனோம். கடைசி நான்கு வருடம் காலிறுதியோடு சரி.

அணியின் பெயர் கடைமடை யுனைடெட். பேராவூரணி தாண்டிக் கடலைப் பார்த்துப் போகும் சாலையில் இருக்கிறது ஊர். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எங்களிடம் வந்து சேரும்போது மேலே உள்ள ஊர்களில் நடவு முடிந்திருக்கும். பெயர் வைத்தவர்கள் பெருமையாகத்தான் வைத்தார்கள். எதிரணிக்காரன் கையில் மைக் கிடைத்தால் விடமாட்டான். "கடைமடைக்குத் தண்ணியும் வராது, கப்பும் வராது."

எங்கள் பக்கம் மேனேஜர் என்றால் எல்லா வேலையும் அவர் தலையில்தான். ஆள் எடுப்பது, பயிற்சி, வேன் பிடிப்பது, ஜெர்சி துவைத்துக் கொண்டுவருவது, நடுவரோடு சண்டை. மூஸாவுக்குக் கடைத்தெருவில் பெயிண்டும் பைப்பும் விற்கும் கடை. விடிந்ததும் திடல், ஒன்பது மணிக்குக் கடை, நாலரைக்கு மறுபடி திடல். அவர் இல்லாத நேரம் அவர் மனைவி நூர்ஜஹான் கடையைப் பார்த்துக்கொள்வார். மூஸா வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். ஷார்ஜாவில் டயர் கடையில் வேலை பார்த்தபோது லாரிச் சக்கரம் விழுந்து இரண்டு விரல் போய்விட்டது. முஸ்லிம் பையன்களுக்கு அவர் காக்கா, எங்களுக்கு அண்ணன்.

நான் அவரிடம் ஆறு வருடம் கோல்கீப்பராக இருந்தேன். தோள்பட்டை நழுவிய பிறகு கால்பந்துக் கழகத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். ஆட்டத்தின்போது மூஸா பக்கத்தில் உட்கார்ந்து, யார் வெளியே வருகிறார், யார் உள்ளே போகிறார் என்று சீட்டு எழுதி நடுவரிடம் கொடுப்பது என் வேலை. அதனால்தான் அந்த விஷயம் எனக்குத் தெரிந்தது.

கோடைத் தொடர் மே மாதம் நடக்கும். வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் தேதி போடுவார்கள். வந்தவனிடம் மூஸா கேட்கும் முதல் கேள்வி, "டிக்கெட் எப்ப?" வந்த அன்றே போகும் நாளைக் கேட்கிறாரே என்று சிலருக்கு மனக்குறைகூட உண்டு. அடுத்த கேள்வி, "பூட்ஸ் கொண்டாந்திருக்கியா?"

எழுபது நிமிட ஆட்டத்தில் கடைசி இருபது நிமிடம் இருக்கும்போது அவர் என் பக்கம் திரும்பி லீவுக்காரன் ஒருவன் பெயரைச் சொல்வார். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் ஒருவன் வெளியே வருவான். இரண்டு வருடம் ஏசி வண்டியில் உட்கார்ந்து தொப்பை போட்டவன் உள்ளே போவான். உள்ளே அனுப்பும்போது மூஸா அவன் முதுகில் தட்டிச் சொல்வார், "உன்னை விட்டா ஆளில்லடா." போகிறவன் ஒவ்வொருவனும் அதை நம்பினான்.

செயலாளரான மூன்றாவது வருடம்தான் எனக்குப் புரிந்தது. அவர் ஆட்டத்தைப் பார்த்து ஆள் மாற்றவில்லை. டிக்கெட் தேதியைப் பார்த்து மாற்றினார். அடுத்த ஆட்டத்துக்கு ஊரில் இருக்கமாட்டான் என்றால் இந்த ஆட்டத்தில் அவனுக்கு இடம்.

கேட்டேன். வேனில் வந்துகொண்டிருந்தோம்.

"நான் மொத லீவுல வந்தப்ப நாலு மேட்ச் தம்பி. நாலுலயும் ஜெர்சி போட்டு ஓரமா உக்காந்திருந்தேன். அப்ப இருந்த மேனேஜரு, அடுத்த லீவுல பாத்துக்கலாம் மூஸான்னாரு. ஜெர்சி அழுக்காவவே இல்ல. நூர்ஜஹான் துவைக்காம மடிச்சு வெச்சா. அடுத்த லீவு நாலு வருஷம் கழிச்சு. அதுக்குள்ள கால் போச்சு."

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மன்னார்குடி அணியோடு காலிறுதி. நாங்கள் ஒரு கோல் முன்னால். போட்டது நௌஷாத். தேங்காய் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எங்களிடம் இருந்ததிலேயே நல்ல ஆட்டக்காரன், மழையிலும் பயிற்சிக்கு வருகிறவன். இருபது நிமிடம் இருந்தது.

"நௌஷாத்த எடு. அஸாரு போவட்டும்," என்றார் மூஸா.

அஸார் துபாயில் கிரேன் ஓட்டுகிறான்.

"இன்னைக்கு வேணாம்ணே. ஜெயிச்சிக்கிட்டு இருக்கோம்."

"ஞாயித்துக்கிழமை டிக்கெட் அவனுக்கு."

சீட்டு எழுதினேன். அஸார் முதல் ஐந்து நிமிடம் ஓடினான். அதன்பின் இடுப்பில் கை வைத்து நின்றான். அவன் பக்கமாகவே வந்து இரண்டு கோல் போட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் நௌஷாத் ஜெர்சியைக் கழற்றி என் காலடியில் எறிந்தான்.

"வருஷம் பூரா ஓடுறவன் நானு. பந்தி வெக்கிறப்ப வந்து உக்கார்றது இந்த மாப்பிள்ளைங்களா?"

திங்கட்கிழமை காலை கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் அஸார் எழுதியிருந்தான். மேனேஜரை மாற்ற வேண்டும். ஜெயிக்கிற ஆட்டத்தில் நௌஷாத்தை வெளியே எடுத்தது முட்டாள்தனம். யாரை எடுத்திருக்க வேண்டும், யாரை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் போட்டிருந்தான். வைத்திருக்க வேண்டியவர்களில் அவன் பெயரும் இருந்தது.

சவூதியிலிருந்தும் கத்தாரிலிருந்தும் கட்டைவிரல் படங்கள் வந்து விழுந்தன. "பெயிண்ட் விக்கிறவருக்கு ஃபுட்பால் எதுக்கு?" என்று ஒருவன் எழுதினான். அவனும் மூன்று வருடம் முன்பு தன் இருபது நிமிடத்தை ஆடிவிட்டுப் போனவன்தான்.

வெள்ளிக்கிழமை கூட்டம் என்று முடிவானது. முந்தின நாள் மூஸாவின் கடைக்குப் போனேன். அவர் அரை இஞ்ச் பைப்பை அளந்து அறுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் சொல்லிடப் போறேன்ணே. எதுக்கு எறக்குறீங்கன்னு."

"சொன்னா?"

"உங்கள மாத்தமாட்டாங்க."

"மாத்தமாட்டானுங்க. அஸாரு அங்க ரெண்டு வருஷம் அத நெனச்சுக்கிட்டே கிரேன் ஓட்டணும். எறங்கிட்டுப் போன ஒவ்வொருத்தனும் உக்காந்து யோசிப்பான், நம்மளப் பாவப்பட்டு எறக்கிருக்காருன்னு. வேணாம்."

"அப்ப நௌஷாத்து?"

அறுப்பதை நிறுத்தினார். "அவன் சொல்றது சரிதான். அவன்கிட்ட சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல."

உள்ளே அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து நூர்ஜஹான் அக்காவின் குரல் வந்தது. "இவரு வாயத் தொறக்கமாட்டாரு. நீயாவது தொற சதீஷு."

"நீ சும்மா இரு."

"பதினாலு வருஷமா இருபது ஜெர்சி துவைச்சவ நானு. நான் எதுக்குச் சும்மா இருக்கணும்?"

மூஸா மறுபடி அறுக்கத் தொடங்கினார்.

கூட்டம் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், அசர் தொழுகைக்குப் பிறகு. இருபது பேர் வந்திருந்தார்கள். தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த போனில் அஸாரும் இன்னும் நாலு பேரும். மூஸா கதவோரம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நௌஷாத் பேசினான், மூஸாவைப் பார்க்காமல். அஸார் பேசினான். திருச்சியில் படித்துச் சான்றிதழ் வாங்கிய ஒரு கோச்சைத் தான் விசாரித்து வைத்திருப்பதாகச் சொன்னான். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அவருடைய உழைப்பை எல்லோரும் புகழ்ந்தார்கள்.

கழகத் தலைவர் அமிர்தலிங்கம், தேங்காய் மண்டி வைத்திருப்பவர், என்னைப் பார்த்தார்.

"செயலாளர் என்ன சொல்றீங்க? பக்கத்துல உக்காந்து சீட்டு எழுதுனது நீங்கதானே?"

திரும்பி மூஸாவைப் பார்த்தேன். அவர் டீ பிளாஸ்கின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நௌஷாத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கைகளுக்கு எதிராகவும் என்னால் பேச முடியவில்லை என்பது உண்மை. ஆனால் அதைக்கூட நான் சொல்லவில்லை.

"எல்லாரும் எப்படிச் சொல்றாங்களோ அப்படி," என்றேன்.

மூஸா எழுந்தார். "ஜெர்சியும் பந்தும் கடையில இருக்கு. நாளைக்கு யாராச்சும் வந்து எடுத்துக்கங்க."

"காக்கா, மனசுல வெச்சுக்காதீங்க," என்றான் அஸார் போனிலிருந்து.

மூஸா போனருகே வந்து குனிந்தார். "அங்க வெயில் எவ்வளவுடா?"

"நாப்பத்தாறு காக்கா."

"தண்ணி குடி."

மறுநாள் நான்தான் போய் எடுத்துவந்தேன். ஜெர்சிகள் துவைத்து மடித்து இருந்தன.

அதற்குப் பிறகு பல நாள், கூட்டத்தில் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பெயரெதுவும் சொல்லாமல், "அவர் தோற்கிறது ஆட்டம் தெரியாமல் இல்லை" என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் பேச வேண்டாம் என்றார், நான் பேசவில்லை. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. நூர்ஜஹான் அக்கா அதன்பின் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுவார்.

திருச்சி கோச் வந்தார். விசில், பிளாஸ்டிக் கூம்புகள், ஓட்டத்துக்கு நேரம். இரண்டே மாதத்தில் பையன்களின் உடம்பு மாறியது. நௌஷாத்தை அணித்தலைவனாக்கினார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. இந்த மே மாதம் இறுதி ஆட்டத்துக்குப் போனோம்.

அஸார் சம்பளமில்லாத லீவு போட்டு வந்திருந்தான், புது பூட்ஸோடு. முந்தின ஆட்டங்களில் கோச் அவனை இறக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் நாங்கள் மூன்று கோல் முன்னால். இருபது நிமிடம் இருந்தபோது அஸார் தானாக எழுந்து கோட்டோரம் ஓடிப்பார்த்தான். திரும்பி வந்தான். மறுபடி ஓடினான். கோச் என்னிடம் வேறொரு பெயரைச் சொன்னார். சீட்டு எழுதினேன். உள்ளே போனவன் பயிற்சிக்கு ஒருநாள் தவறாதவன், அவனுக்குப் போகத் தகுதி உண்டு. அஸார் உட்கார்ந்தான்.

கோப்பை எங்களுக்கு. ஊரே திடலுக்குள் இறங்கி நௌஷாத்தைத் தூக்கியது. அஸார் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"சதீஷு, அந்த மன்னார்குடி மேட்ச்ல காக்கா எதுக்குடா என்னை எறக்குனாரு?"

"உன்னை விட்டா ஆளில்லன்னாரு."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஜெர்சியைக் கழற்றி, மடித்து, என் கையில் வைத்தான்.

"இதத் துவைக்க வேணாம்."

கோப்பை ஊர்வலம் கடைத்தெரு வழியாகப் போனது. மூஸா கடையிலிருந்து இறங்கி வந்தார். அமிர்தலிங்கம் கோப்பையை அவர் கையில் கொடுத்தார். அதை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், நௌஷாத்தின் கன்னத்தைத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். கூட்டத்தின் கடைசியில் அஸார் நின்றிருந்தான்.

"டிக்கெட் எப்ப?" என்றார் மூஸா.

"செவ்வாய்க்கிழமை காக்கா."

மூஸா தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். பழக்கத்தில் என் கை சட்டைப்பையில் பேனாவைத் தேடியது.